நான்கு நிமிடம் பிந்திய தாலி

இணையத்தில் வீடியோ பார்த்துக்கொண்டிருக்கும்போது படம் நின்று, திரையின் நடுவே ஒரு வட்டம் சுற்ற ஆரம்பிக்குமே, அதைக் கண்டால் எனக்கு ஆகவே ஆகாது. மற்றவர்கள் அந்த நேரத்தில் எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வருவார்கள். நான் எழுவேன், உட்காருவேன், நகத்தைக் கடிப்பேன், மேசையைத் தட்டுவேன். சோறு வெந்ததா என்று மூன்று தடவை மூடியைத் திறந்து பார்க்கிற ஆள் நான். "கால்ல சக்கரத்தைக் கட்டிக்கிட்டுப் பொறந்தவ" என்று அம்மா சொல்வாள். இப்படிப்பட்டவள் வீடியோ பிளேயர் செய்கிற வேலைக்குப் போனதுதான் வேடிக்கை. அந்த வேலையில் பாதி நேரம் காத்திருப்பதுதான்.

சென்னையில் ஒரு சின்ன கம்பெனி. இணையப் பக்கத்தில் வீடியோ ஓடும் சதுரம் இருக்கிறதல்லவா, அதையும் அதன் பொத்தான்களையும் செய்து கொடுப்போம். இரண்டு வருஷம் அங்கே இருந்தேன். 2009 தொடக்கத்தில் வெளிநாட்டு வாடிக்கையாளர்கள் ஒவ்வொருவராகக் கழன்றுகொண்டார்கள். ஒரு மத்தியானம் எங்கள் பிரிவு முழுவதையும் அறைக்குள் கூப்பிட்டு, நாளையிலிருந்து வர வேண்டாம் என்றார்கள். நான் மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு காரைக்காலுக்கு பஸ் ஏறினேன்.

எங்கள் வீடு தலத்தெருவில். அதற்கு முன்பு கடலோரம் மீனவர் தெருவில் இருந்தோம். சுனாமிக்குப் பிறகு அம்மா அந்தப் பக்கம் தூங்க மாட்டேன் என்று சொல்லிவிட்டதால் உள்ளே தள்ளி வந்துவிட்டோம். அப்பா போட்டில் போவதை விட்டுவிட்டு மீன் வியாபாரம் செய்தார். காலையில் ஏலம் முடித்து வந்து, வாசலில் காலைக் கழுவிக்கொண்டே என்னைப் பார்த்து, "என்னம்மா, இன்னிக்கும் பொட்டியத் தொறந்தாச்சா?" என்று கேட்பார். நான் என்ன வேலை செய்தேன் என்று அவருக்குப் புரியவைக்க நான் பட்ட பாடு கொஞ்சமல்ல. கடைசியில் அவர், என் பெண் கல்யாண வீடியோ எடுக்கிறாள் என்று எல்லோரிடமும் சொல்லி வைத்துவிட்டார். இரண்டு பேர் காதுகுத்துக்குத் தேதி கேட்டு வீட்டுக்கே வந்துவிட்டார்கள்.

வேலை போன எரிச்சலில் அறைக்கும் கொல்லைக்கும் நடந்துகொண்டிருந்தேன். அப்போதுதான் வீடியோ பிளேயர்கள் செய்வதற்கென்று ஓப்பன் சோர்ஸ் ஃப்ரேம்வொர்க் ஒன்று புதிதாக வெளிவந்திருந்தது. கட்டி முடித்த வீட்டைக் கொடுப்பதில்லை அது. கதவு, ஜன்னல், படிக்கட்டு என்று தனித்தனியாகச் செய்து வைத்திருப்பார்கள். வேண்டியதை எடுத்துப் பொருத்திக்கொள்ளலாம், வேண்டாததைக் கழற்றி எறியலாம். உள்ளே எழுதியிருப்பதைத் திறந்து படிக்கலாம், மாற்றலாம், யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம். கம்பெனியில் நாங்கள் ஆறு மாதம் மல்லுக்கட்டிச் செய்ததை அதில் ஒரு வாரத்தில் செய்துவிட்டேன். சந்தோஷமாகவும் இருந்தது, வயிற்றெரிச்சலாகவும் இருந்தது. இதை யாருக்குச் செய்கிறோம், எதற்குச் செய்கிறோம் என்றுதான் தெரியவில்லை.

அது ஆனி மாதத்தில் தெரிந்தது. என் அக்காவுக்கு ஆவணியில் கல்யாணம் என்று தேதி வைத்திருந்தார்கள்.

எங்கள் ஆட்களிடம் ஒரு வழக்கம். தாலி மாப்பிள்ளை கைக்குப் போவதற்கு முன்னால், ஊர்ப் பஞ்சாயத்தாரில் ஒருவர் எழுந்து நின்று சத்தமாக, "ஊர் உத்தரவு?" என்று கேட்பார். உட்கார்ந்திருக்கிறவர்கள் "உத்தரவு" என்பார்கள். பிறகு, "தாய்மாமன் உத்தரவு?" என்று கேட்பார். பெண்ணின் தாய்மாமன் முன்வரிசையில் நின்று பெண்ணைப் பார்த்து "உத்தரவு" என்று சொல்ல வேண்டும். அவர் சொன்ன பிறகுதான் மேளம்.

எங்களுக்கு ஒரே தாய்மாமன். அம்மாவின் தம்பி. எங்கள் ஊரில் பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள குடும்பம் ஒன்றில் பெண் எடுத்து, நான் கைக்குழந்தையாக இருந்தபோதே பிரான்சுக்குப் போய்விட்டவர். அங்கே ஓட்டல் சமையலறையில் வேலை. அவரோடு அம்மா பேசி எட்டு வருஷம் ஆகியிருந்தது.

காரணம் இதுதான். அம்மாவின் அப்பா இறந்தபோது, "வர்றேங்க்கா, நான் வர்ற வரைக்கும் வெச்சிருங்க" என்று மாமா போனில் சொன்னார். ஐஸ் பெட்டியில் உடலை வைத்துத் தெருவில் காத்திருந்தோம். மீனவர் ஊரில் ஒரு சாவு விழுந்தால், அடக்கம் முடியும்வரை யாரும் கடலுக்குப் போக மாட்டார்கள். ஒன்றரை நாள் ஒரு போட்டும் இறங்கவில்லை. அந்தச் சமயம் பார்த்து பிரான்சில் தங்க மாமாவுக்குக் கொடுத்திருந்த அனுமதிப் பத்திரம் புதுப்பிக்க ஆபீசில் கிடந்தது. நாட்டை விட்டு வந்தால் திரும்பி உள்ளே போக முடியாது. அவர் வரவில்லை. வர முடியாது என்பதை முதல் நாளே சொல்லவும் அவருக்கு வாய் வரவில்லை. "ஊர்ச் சனத்தைக் காக்க வெச்சு என்னையத் தலைகுனிய வெச்சிட்டான். பெத்த அப்பன் மொவத்தப் பாக்கல" என்று அம்மா அன்றைக்குச் சொன்னவள்தான். அதன்பிறகு அவர் போன் செய்தால் ரிசீவரை எங்கள் கையில் கொடுத்துவிட்டு அடுப்படிக்குப் போய்விடுவாள். ஆனால் கதவோரம்தான் நிற்பாள், அது எங்களுக்குத் தெரியும்.

அக்கா கல்யாணத்துக்கு எப்படியும் வந்துவிடுவது என்று மாமா டிக்கெட் எடுத்திருந்தார். இரண்டு மாதத்துக்கு முன்னால் நெஞ்சுவலி வந்து, இருதயத்தில் சின்னக் குழாய் ஒன்றை வைத்து, கொஞ்ச நாளைக்கு விமானம் ஏறக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். என்னிடம்தான் போனில் சொன்னார். பெரிய மனிதர், விம்மி விம்மி அழுதார். நான் அதை அம்மாவிடம் சொன்னபோது அவள் மீன் ஆய்ந்துகொண்டிருந்தாள். கத்தியை நிறுத்தவில்லை.

"போன்லயே உத்தரவு சொல்லட்டும்மா. நெறைய பேரு அப்படித்தான் செய்றாங்க" என்றேன்.

"போன்ல யாரு வேணாலும் சொல்லலாம். அவன் பாத்துட்டுச் சொல்லணும்." கத்தியால் என் அறையைக் காட்டினாள். "நாள் பூரா அந்தப் பொட்டியில படம் காட்டுறியே, அவனுக்குக் காட்ட முடியாதா? எங்கப்பா மொவத்தத்தான் பாக்கல, இவ கழுத்துல தாலி ஏறுறதையாச்சும் பாக்கட்டும். பாத்துட்டான்னா நான் பேசுறேன்."

எனக்கு உடம்பெல்லாம் ஜிவ்வென்று ஏறியது. எட்டு வருஷம் யாராலும் செய்ய முடியாததை நான் செய்யப் போகிறேன். உடனே எழுந்து ஓடினேன், செருப்புக்கூடப் போடாமல், எதற்கு எங்கே ஓடுகிறேன் என்று தெருமுனையில்தான் யோசித்தேன்.

வேலை இதுதான்: கல்யாண மண்டபத்தில் ஒரு கேமரா. அதிலிருந்து என் மடிக்கணினி. அங்கிருந்து இணைய வழியாக, மாதவாடகைக்கு எடுத்த ஒரு சர்வர். பிரான்சில் மாமா ஒரு பக்கத்தைத் திறந்தால் என் பிளேயர் வரும், அதில் கல்யாணம் ஓடும். இன்று போனைத் தூக்கிப் பிடித்தால் முடிந்துவிடும் காரியம். அன்றைக்கு எங்கள் ஊரில் பிராட்பேண்ட் என்பது, பெறுவதில் நொண்டி, அனுப்புவதில் தவழும் குழந்தை.

ஞாயிற்றுக்கிழமைகளில் ஒத்திகை பார்த்தோம். எங்கள் மாடியிலிருந்து தெருவைக் காட்டும்படி கேமராவை வைப்பேன். மாமாவின் மகள் அங்கே பக்கத்தைத் திறந்து கொடுப்பாள். மாமா போனில் இருப்பார்.

"தெரியுதா மாமா?"

"தெரியுது மருமவளே! அடடா, நம்மூரு வெயிலு! ஆங்... நின்னுடுச்சு. சுத்துது."

"இருங்க."

"சுத்துது மருமவளே. இன்னும் சுத்துது."

நான் மாடியில் இந்தக் கைப்பிடிச் சுவருக்கும் அந்தக் கைப்பிடிச் சுவருக்கும் நடப்பேன். தாலி கட்டும் நேரத்தில் இந்தப் பாழாய்ப்போன வட்டம் வந்தால்? முகூர்த்த நேரத்தில் மாமா சுற்றுகிற வட்டத்தையா பார்த்துக்கொண்டிருப்பார்? அம்மா என்ன சொல்வாள்? எனக்கு அந்த வட்டத்தின் மேல் அப்படியொரு கோபம், ஒரு ஆளின் மேல் வருகிற கோபம்.

ஃப்ரேம்வொர்க்கைத் திறந்து வேலையில் இறங்கினேன். பிளேயர், வருகிற படத்தை உடனே காட்டாமல் கொஞ்சம் சேர்த்து வைத்துக்கொண்டு காட்டும். வரத்து குறைந்தாலும் இருப்பை வைத்துச் சமாளிக்கும். அந்த இருப்பைச் சில வினாடிகளிலிருந்து முழுதாக ஒரு நிமிடத்துக்கு ஏற்றினேன். இருப்பு தீர்ந்தால் கடைசிப் படத்தையே காட்டிக்கொண்டு நின்று, மறுபடி ஒரு நிமிடம் சேர்த்த பிறகு ஓட வேண்டும் என்று எழுதினேன். வட்டத்தை அடியோடு பிடுங்கி எறிந்தேன். அதோடு விட்டேனா? மாமாவுக்குக் கணினி பழக்கமில்லை. ஒரு ஒத்திகையில் நிறுத்தும் பொத்தானைத் தவறி அழுத்திவிட்டு, "படம் அசையல" என்றார். நான் எட்டிப் பார்த்தேன். மத்தியானத் தலத்தெருவில் ஒரு காக்காய்கூட இல்லை. "நம்ம தெருவே அப்படித்தான் மாமா" என்றேன். கால் மணி நேரம் இருவரும் நின்ற படத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தோம். அந்தக் கோபத்தில் பொத்தான் பட்டை முழுவதையும் கழற்றிவிட்டேன். நிறுத்தவும் முடியாது, முன்னே தள்ளவும் முடியாது. படம் மட்டும். "எதையும் தொடாதீங்க மாமா, சும்மா பாத்துக்கிட்டிருங்க" என்று பத்துத் தடவை சொன்னேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை படம் ஒரே ஒரு தடவைதான் நின்றது. அதையும் மாமா கவனிக்கவில்லை. எனக்குத் தலைகால் புரியவில்லை.

அந்த ஃப்ரேம்வொர்க்கைப் பயன்படுத்துகிறவர்கள் கூடிப் பேசும் இணையக் குழு ஒன்று இருந்தது. பெருமை பீற்றிக்கொள்ள நான் செய்ததை அதில் எழுதினேன். மறுநாள் முன்பின் தெரியாத ஒருவர் பதில் போட்டிருந்தார். நேரலைக்கு இவ்வளவு பெரிய இருப்பு ஆபத்து, ஒவ்வொரு தடவை நின்று நிரம்பும்போதும் பார்க்கிறவர் இன்னும் கொஞ்சம் பின்னால் போய்க்கொண்டே இருப்பார், கவனம் என்று. படித்தேன். புரிந்தது. நன்றி என்று எழுதினேன். ஒரு நிமிடம் பிந்தினால் என்ன குடி முழுகிவிடும் என்று நினைத்துக்கொண்டேன். ஒத்திகையில் காட்டியது தெரு. தெருவில் போன நாய் ஒரு நிமிடம் பிந்திப் போனாலும் அதே நாய்தானே. ஒரு நிமிடம்கூடப் பொறுக்காதவள், அடுத்தவர் தலையில் ஒரு நிமிடத்தைக் கட்டும்போது யோசிக்கவே இல்லை.

கல்யாணம் வெள்ளிக்கிழமை. ஒன்பதிலிருந்து பத்தரைக்குள் முகூர்த்தம். பத்தரைக்கு ராகுகாலம் பிறந்துவிடும். மண்டபம் நாகூர் சாலையில் இருந்தது. பக்கத்து வீட்டு வாத்தியாரிடம் கெஞ்சி, அவருடைய பிராட்பேண்டிலிருந்து மதில் மேல் கம்பி இழுத்து மண்டபத்துக்குள் கொண்டுவந்திருந்தேன். மணமேடைக்கு எதிரே, ஓரமாக, இரண்டு மேசையை ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டு அதன் உச்சியில் கேமரா. கீழவாஞ்சூர்த் துறைமுகத்திலிருந்து நிலக்கரி லாரி ஒன்று போனால் மண்டபம் லேசாக அதிரும், கேமராவும் அதிரும். பட்டுப்புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு கம்பிகளுக்கு நடுவே நான் குந்தியிருப்பதைப் பார்த்து அம்மா, "கல்யாணப் பொண்ணோட தங்கச்சி மாதிரியாடி இருக்க? லைன்மேன் மாதிரி இருக்க" என்றாள். ஆனால் அடுத்த நிமிடமே குனிந்து, "வந்துட்டானா?" என்று கேட்டாள்.

காலையில் பக்கம் மூன்றாவது முயற்சியில்தான் திறந்தது. திறந்து கொடுத்துவிட்டு மாமாவின் மகள் வேலைக்கு ரயில் பிடிக்கப் போய்விட்டாள். அங்கே அப்போதுதான் விடிந்திருந்தது. மாமா தனியாகக் குளித்து, வேட்டி கட்டி, கணினிக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார். என் காதில் போன்.

"எங்கக்கா அரக்குக் கலர்ல கட்டியிருக்கு. நல்லாருக்கு. இளைச்சுப் போயிடுச்சே, ஏன்?"

"அம்மா உங்ககூடப் பேசாததுனாலதான்" என்று கிண்டல் செய்தேன். அவர் சிரிக்கவில்லை.

கூட்டம் சேரச் சேர எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. மடிக்கணினியைப் பார்ப்பேன், மேடையைப் பார்ப்பேன், கடிகாரத்தைப் பார்ப்பேன். மாப்பிள்ளை வந்தார், மணையில் உட்கார்ந்தார். அக்கா வந்தாள். மணி பத்தே காலைத் தாண்டியது. எல்லாம் ஒழுங்காகப் போகிறது என்று மூச்சு விட்டபோது மாமா போனில் சொன்னார்:

"மாப்ள இப்பத்தான் உள்ள வர்றாரு. நல்ல ஒசரம்."

எனக்கு ஒரு கணம் விளங்கவில்லை. மாப்பிள்ளை உட்கார்ந்து, அக்காவும் வந்தாயிற்றே. பிறகு உறைத்தது. மேசையின் மேல் ஏறி, கேமராவுக்கு முன்னால் கையை நீட்டி ஆட்டினேன். "மாமா, என் கை தெரிஞ்ச ஒடனே சொல்லுங்க" என்றேன்.

"கையா? எங்க?"

"வரும். பாத்துக்கிட்டே இருங்க."

கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். ஒரு நிமிடம். இரண்டு. அய்யர் மாலையைக் கேட்டார், யாரோ எடுத்துக் கொடுத்தார்கள், மாலை மாற்றினார்கள். மூன்று. புடவைத் தலைப்பை முறுக்கி முறுக்கி நூல் பிரிந்துவிட்டது. நான்கு நிமிடம் முடிந்த பிறகுதான், "ஆங், கை தெரியுது, வளையல் போட்ருக்க" என்றார்.

காலையிலிருந்து படம் மூன்று தடவை நின்றிருக்கிறது. வட்டம் இல்லாததால் அவருக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை. முதலிலேயே இருந்த ஒரு நிமிடத்துக்கு மேல், ஒவ்வொரு தடவையும் அவர் இன்னும் ஒரு நிமிடம் பின்னால் போயிருக்கிறார். முன்னே தள்ள ஒரு பொத்தான் வேண்டும். அந்தப் பொத்தானைக் கழற்றி எறிந்தவள் நான்.

மேடையில் பஞ்சாயத்தார் எழுந்துவிட்டார். வெள்ளை மீசை, தோளில் துண்டு. "ஊர் உத்தரவு?" கூட்டம் "உத்தரவு" என்றது. "தாய்மாமன் உத்தரவு?"

ஏற்பாட்டின்படி நான் போனின் ஸ்பீக்கரைப் போட்டு மைக்கில் வைக்க வேண்டும். வைத்தேன். வேறு என்ன செய்வதென்று தோன்றவில்லை. மாமாவின் குரல் மண்டபம் முழுக்கக் கேட்டது:

"இருங்க, இருங்க. இன்னும் மாலையே மாத்தலயே."

யாரோ சிரித்தார்கள். மாலையும் கழுத்துமாக அக்கா நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். மாப்பிள்ளை வீட்டார் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். மணி பத்து இருபத்து நான்கு.

"ஆறு நிமிஷந்தான் இருக்கு" என்றார் பஞ்சாயத்தார். பிறகு, மைக்கில் விழாது என்று நினைத்துப் பக்கத்தில் இருந்தவரிடம், "அன்னிக்கும் இவனுக்காவத்தான் ஊரே காத்துக் கெடந்துச்சு" என்றார். அது மைக்கில் விழுந்தது. போனிலும் விழுந்திருக்கும்.

அப்பா அம்மாவின் பக்கம் வந்து ஏதோ கெஞ்சினார். அம்மா மேடையோரத்தில் அசையாமல் நின்றாள். "பாத்துட்டுச் சொல்லட்டும். நாலு பேரு நாலு பேச்சுப் பேசட்டும், நான் பாத்துக்கறேன்" என்றாள். தம்பிக்காக ஊரின் முன்னால் மறுபடி ஒருமுறை நிற்கிறாள். அவள் நிற்பதும் வீண். நான்கு நிமிடம் காத்தாலும் இந்தக் கேள்வி கேட்பதைத்தான் மாமா பார்ப்பார். நடுவில் படம் இன்னொரு தடவை நின்றால் பத்தரை தாண்டிவிடும்.

போனை மைக்கிலிருந்து எடுத்து, ஸ்பீக்கரை அணைத்து, வாயைப் பொத்திக்கொண்டு பேசினேன். "மாமா, நீங்க பாக்குறது நாலு நிமிஷம் முன்னாடி நடந்தது. இங்க எல்லாம் தயாரா நிக்கிறாங்க. தப்பு என்னுதுதான். நான்தான் அப்படிப் பண்ணிட்டேன். பக்கத்த மூடிட்டுத் திரும்பத் தொறந்தா சரியாயிடும்."

"மூடினா திரும்ப வருமா?"

காலையில் மூன்று முயற்சி. அங்கே அவர் தனியாக இருக்கிறார். "தெரியல மாமா" என்றேன்.

ஊர் காத்திருந்தது, எட்டு வருஷத்துக்கு முன்னால் காத்திருந்த அதே ஆட்கள் பாதிப் பேர். அது அவருக்கும் தெரிந்திருக்கும்.

"மூட மாட்டேன்" என்றார். "மைக்குல வை."

வைத்தேன்.

"உத்தரவு," என்றார் மாமா. குரலைத் திடப்படுத்திக்கொண்டு மறுபடி சொன்னார். "தாய்மாமன் உத்தரவு. கட்டுங்க. எனக்கு நல்லாத் தெரியுது. பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன்."

மேளம் பொங்கியது. அதன்பிறகு நடந்தது எந்தக் கல்யாணத்திலும் நடப்பதுதான். உட்கார்ந்திருந்தவர்கள் எல்லோரும் ஒரே சமயத்தில் எழுந்தார்கள், போட்டோ எடுக்கிறவர்கள் முன்னால் பாய்ந்தார்கள், சொந்தபந்தம் மேடையை மொய்த்துக்கொண்டது, அட்சதை பறந்தது. தம்பியின் குரலைக் கேட்பதற்காக மைக் பக்கம் ஒதுங்கி வந்திருந்த அம்மா, அத்தனை முதுகுகளுக்கும் பின்னால் மாட்டிக்கொண்டாள். எம்பிப் பார்த்தாள். யாரையோ பிடித்து இழுத்தாள். கூட்டம் கலைந்தபோது அக்காவின் கழுத்தில் தாலி இருந்தது.

அம்மா திரும்பி நேரே என்னிடம் வந்தாள்.

"பாத்தானாடி?"

பார்த்தார் என்று சொல்லியிருக்கலாம். மாமாவே ஊரறியச் சொல்லிவிட்டார். நான் தலையை ஆட்டினால் போதும், எட்டு வருஷம் அதோடு முடிந்துவிடும். நாக்கு நுனிவரை வந்தது. அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு என்னால் முடியவில்லை.

"இன்னும் இல்லம்மா. அவருக்குப் படம் நாலு நிமிஷம் பிந்தித்தான் போவுது. இனிமேதான் வரும். எல்லாம் நான் செஞ்ச கோளாறு."

"அப்ப, பாக்காமயா சொன்னான்?"

"நம்ம மானம் போயிடக் கூடாதுன்னு சொன்னாரு. அவரு இன்னும் திரை முன்னாடிதான் ஒக்காந்திருக்காரு."

அடி விழும் என்று நினைத்தேன். அம்மா வலது கையை நீட்டினாள். எனக்குப் புரியாமல் நின்றேன். "போனைக் குடுடி" என்றாள்.

கொடுத்தேன். காதில் வைத்தாள். நானும் அம்மாவின் தோளோடு ஒட்டிக்கொண்டு காதை வைத்தேன். மாமாவின் அறையில் ஒரு கடிகாரம் ஓடுவது கேட்டது. "பொண்ணோட அம்மா எங்க, ஆசீர்வாதம் பண்ண வரச் சொல்லுங்க" என்று மேடையிலிருந்து கூப்பிட்டார்கள். அம்மா அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. வெளியே லாரி ஒன்று போனது, மேசைகள் அதிர்ந்தன, நான் ஓடிப் போய்க் கம்பியைப் பிடித்துப் பார்த்துவிட்டு ஓடி வந்தேன். நின்றுவிடாதே, இப்போது மட்டும் நின்றுவிடாதே என்று அந்தப் படத்தைக் கெஞ்சிக்கொண்டிருந்தேன்.

"தம்பி" என்றாள் அம்மா.

அந்தப் பக்கம் ஒரு விசும்பல்.

"நானும் பாக்கலடா. எல்லாரும் எந்திரிச்சு மறைச்சுப்புட்டாங்க. நீ பாத்துச் சொல்லு."

பிறகு மாமா மெதுவாகச் சொல்ல ஆரம்பித்தார். "கேக்குறாருக்கா, உத்தரவுன்னு கேக்குறாரு... நீ ஓரமா நிக்கிற. மொறச்சுக்கிட்டு நிக்கிற... இப்ப எல்லாம் எந்திரிக்கிறாங்க. எனக்கு மேலேர்ந்து தெரியுது, மறைக்கல. தாலிய எடுத்துட்டாரு மாப்ள. புள்ள தலையக் குனிஞ்சிருக்கு... மொத முடிச்சு."

அம்மா கண்ணை மூடிக்கொண்டாள்.

"ரெண்டாவது... இப்ப நாத்தனா குனியுது. மூணாச்சு. மூணும் போட்டாச்சுக்கா. பாத்துட்டேன்."

அம்மாவின் இடது கை அதுவரை மூடியே இருந்தது. அதை அப்போதுதான் திறந்தாள். வேர்வையில் நனைந்து மஞ்சள் ஒட்டிப்போயிருந்த அட்சதையை, மணமக்கள் எழுந்து போய்விட்ட காலி மேடையைப் பார்த்துப் போட்டாள்.